மீதியைப் புத்தகத்தில் பார்க்க

பதிப்பகத்திலிருந்து வந்த பார்சலைக் கத்தரியால் கீறியதும் புதுப் புத்தக வாடை எழுந்தது, ஆனால் அதில் ஏதோ குறைந்தது, இயந்திரத்தில் உருக்கி ஒட்டும் பசைக்கும், நூறு பிரதி இருநூறு பிரதி என்று தேவைக்கு அச்சடிக்கும் டிஜிட்டல் மைக்கும் மணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதே நேரம் பார்த்துப் பதிப்பாளர் போனில் வந்து, "சார், இந்தத் தடவை நீங்களும் கொஞ்சம் பேசணும், ஒரு நிமிஷ வீடியோ போதும், புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு" என்றார், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, பார்சலில் இல்லாத அந்த மணம் எது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மைதா மாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் கலந்தால் வரும் மணம் அது. கும்பகோணத்தில் எங்கள் தெருக்கோடி பைண்டிங் கடையில், பூச்சி அரிக்காமல் இருக்க அந்த நீலப் பொடியைப் போட்டுத்தான் பசை கிண்டுவார்கள், மாலை வெயில் சாய்வாக உள்ளே விழுந்து காகிதத் தூசி மிதப்பது தெரியும் நேரத்தில், தாத்தா உதிர்ந்த புத்தகம் ஒன்றை மேல்துண்டில் சுற்றிக்கொண்டு என்னையும் அழைத்துப் போவார். தமிழ்ப் பண்டிதர், மூக்குப்பொடிப் பழக்கம் உள்ளவர், ஆகையால் அவருடைய எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் தையல் ஓரத்தில் பழுப்புப் பொடி தங்கியிருக்கும், எங்கள் வீட்டில் தும்மாமல் நன்னூல் படித்தவர்கள் யாருமில்லை.

அவரும் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பக்கத்து ஊர்க் கோயிலின் தல வரலாறு, உரைநடையில், சொந்தக் காசில் அச்சிட்டது, பிரதிகளைச் சணல் கயிற்றால் கட்டிப் பரணில் ஏற்றியவர் பிறகு இறக்கவே இல்லை, கேட்டு வந்தவர்களுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பார், கேட்காதவர்களிடம் அப்படி ஒன்று இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். "நெல்லு மூட்டையா இருந்தா இந்நேரம் வித்துக் காசாக்கியிருக்கலாம்" என்று ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் பாட்டி சொல்வாள், "தன்னைத்தானே புகழ்ந்துக்கறது புலவனுக்கு அழகில்லைன்னு நன்னூல்ல பவணந்தி சொல்லியிருக்கார்" என்பார் தாத்தா, பாட்டிக்குப் பவணந்தி யார் என்பது பற்றிக் கவலை இருந்ததில்லை.

மாயவரம் போகும் பாசஞ்சரில் ஒருமுறை, கரிப்புகையும் வெள்ளரிப்பிஞ்சு வாடையும் வியர்வையும் கலந்த அந்தப் பெட்டியில், கஞ்சிராவோடு ஒருவர் ஏறினார், தோளில் ஜோல்னாப் பை, வெற்றிலை ஏறிய பல், ஏறியதும் யாரையும் கேட்காமல் கொலைச் சிந்து ஒன்றைப் பாட ஆரம்பித்தார். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மட்டமான தாளில் அச்சாகி, சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலிலும் பாடி விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களின் கடைசிக் காலம் அது. கணவன் அரிவாளை ஓங்குகிற இடம் வரைக்கும் பாடிவிட்டுக் கஞ்சிராவை ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார், "மீதியைப் புத்தகத்தில் பார்க்க" என்றார், பெட்டியில் பாதிப்பேர் மடியை அவிழ்த்தார்கள். தான் யார், தன் புலமை எப்படிப்பட்டது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அரிவாள் ஓங்கியபடி நின்றது, அவ்வளவுதான்.

தாத்தாவும் ஒன்று வாங்கினார். ஆடுதுறை தாண்டுவதற்குள் படித்து முடித்து, சட்டைப் பையிலிருந்த பென்சிலால் சந்திப் பிழைகளையும் திருத்திவிட்டு, எனக்குச் சொல்கிற மாதிரி ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், தற்புகழ்ச்சி தகாது என்று விதித்த பவணந்தியே அடுத்த சூத்திரத்தில் நாலு இடத்தில் விலக்குக் கொடுத்திருக்கிறார், அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், சபையில் வாதம் செய்து வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது. அதில் இரண்டாவது விலக்குப் பரண்மேல் கிடந்த கட்டுக்கு அப்படியே பொருந்தும், அவருக்கா தெரியாது, ஒரு சிட்டிகை பொடி எடுத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார். அந்தக் கூச்சத்தை அடக்கம் என்று ஊரே மெச்சியது, பயனை அனுபவித்தது கரையான்.

இத்தனைக்கும் அதே கும்பகோணத்தில், காவிரிக்கரைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் தாத்தாவுக்குக் கண்கண்ட தெய்வம். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்கு ஐயர் ஏடு தேடி அலைந்ததை எல்லாரும் சொல்வார்கள், புத்தகம் வருமுன்பே பெரிய மனிதர்களின் வீடேறி, இப்படி ஒரு நூல் வரப்போகிறது, ஒரு பிரதிக்குக் கையொப்பம் போடுங்கள் என்று கேட்டதைக் குறைவாகவே சொல்வார்கள், அதுவும் சேர்ந்துதான் சிந்தாமணி. பாரதியோ இன்னும் ஒரு படி மேலே, 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார், நாற்பது புத்தகம், ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி, ஆக நாலு லட்சம், மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விட வேகமாகச் செலவாகும், கடன் கொடுங்கள், வட்டியோடு திருப்புகிறேன் என்று. அந்தத் திட்டம் நடக்கவில்லை, மறு ஆண்டு செப்டம்பரில் அவரே போய்விட்டார், ஆனால் அந்த அறிக்கையில் குழைவு இல்லை, விற்கப்போகும் சரக்கின்மேல் துளி சந்தேகமும் இல்லை.

வேலை கிடைத்துத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் குடியேறிய நாட்களில், ஈரத் துண்டும் ஊதுவத்தியும் கலந்து மணக்கும் அந்தத் தாழ்வாரத்தில், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சி.சு.செல்லப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி நஷ்டத்திலேயே நடத்தியவர், அச்சிட்ட புத்தகங்களைப் பையில் சுமந்து ஊர் ஊராகக் கல்லூரி வாசல்களில் ஏறி இறங்கி விற்றவர், அவர் விற்றது தன் புத்தகங்களை மட்டுமல்ல, மற்றவர்களுடையதையும் அதே பையில் வைத்துத்தான் விற்றார். இதைச் சொல்லும்போது பெரியவர் தன் தோளை இலேசாகத் தேய்த்துக்கொள்வார், ஏனென்று கேட்டதில்லை.

இப்போது புத்தகம் வருவதற்கு முன்பே அட்டை வந்துவிடுகிறது, அட்டைக்கு முன்பே வாழ்த்து வந்துவிடுகிறது, வெளியீட்டு விழா மேடையில் புத்தகத்தைப் படிக்காத ஐந்து பேர் பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள், எழுத்தாளரின் முகம் பழகிய அளவுக்கு அவர் எழுதியது எதைப் பற்றி என்பது பழகுவதில்லை. இதைப் பார்த்து அருவருத்துப் பரணுக்குத் திரும்புகிறவர்களையும் தெரியும், எனக்கு இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்வதாகத்தான் படுகிறது, இருவருக்கும் நினைப்பு தன்மேல், புத்தகத்தின்மேல் இல்லை. பதிப்பாளர் கேட்ட வீடியோவை மறுநாள் எடுத்து அனுப்பினேன், என்னைப் பற்றி எதுவும் பேசவில்லை, முதல் அத்தியாயத்தில் ஒரு கதவு தட்டப்படுகிற இடம் வரைக்கும் வாசித்துவிட்டு நிறுத்தினேன், "இன்னும் கொஞ்சம் சிரிச்சிருக்கலாம் சார்" என்று பதில் வந்தது.

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போவீர்கள், ஏதாவது ஒரு அரங்கின் ஓரத்தில், தன் புத்தகத்தைத் தானே கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடலாமா வேண்டாமா என்று ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நின்று, வாங்கி, இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவர் தாங்கிக்கொள்வார், நமக்கு ஒரு இலவசப் பிரதி கிடையாதா என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.