மணமும் கணக்கும்

“மூக்கை மட்டும் வையுங்கள், மாமா! வாய் பிறகு. என்ன மணம் வருகிறது, சொல்லுங்கள்!”

கேட்டவன் என் தங்கை மகன். அமெரிக்காவிலே, சான் டியேகோ நகரிலே பணிபுரிபவன். விடுப்பிலே அடையாற்றிலுள்ள தாய் வீட்டுக்கு வந்திருந்தான். வரும்போது குழந்தைகளுக்கு மிட்டாயும், எனக்கு ஓர் எழுதுகோலும், தனக்கென்று நான்கு டப்பா பீரும் கொண்டுவந்திருந்தான். டப்பா ஒன்று 473 மில்லி. நான்கும் சேர்ந்தால் இரண்டு லிட்டருக்குச் சற்றே குறைவு. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர் வரியின்றிக் கொண்டுவரச் சட்டம் இடந்தரும் அளவோ சரியாக இரண்டு லிட்டர். பயல் கணக்கிலே புலி!

எனக்கு அகவை அறுபத்தைந்து. அன்றைய மாலை வரையிலே மது என் உதட்டைத் தொட்டதில்லை. பெருமைக்காக இதைக் கூறவில்லை, நண்பரே! ஆற்றில் தம்பியைப் பறிகொடுத்தவன் கரையோடு நின்றுவிடுவான். அவனை நீச்சலை வென்ற வீரன் என்றா அழைப்பீர்கள்? நானும் கரையிலே நின்றவன்தான். “மாம்பழத்துக்கு மணி மணியாக மதிப்புரை சொல்கிறீர்களே, இதற்கும் ஒன்று சொல்லுங்கள். இரண்டு வாய் போதும்” என்று மருமகன் கேட்டபோது, இத்தனை ஆண்டுகள் எதைக் கண்டு ஓடினோம் என்று ஒருமுறை நேருக்கு நேர் பார்த்துவிடலாமே என்று தோன்றிற்று. குவளையை வாங்கினேன்.

மூக்கை வைத்தேன். “ஆரஞ்சு” என்றேன்.

“பழமா? தோலா?”

“தோல். கமலா ஆரஞ்சுத் தோல்...” என்றவன், மேலே பேச்சு வராமல் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்பதைப் பிறகு கூறுகிறேன்.

“இதிலே ஆரஞ்சு ஒரு சுளைகூடக் கிடையாது, மாமா!” என்று சிரித்தான் அவன். உண்மைதான். மணம் அத்தனையும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவிலிருந்து வருவது. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. ஆனால் அந்த மயக்கம் இதற்கில்லை. பெண்கொடியின் பூங்கதிரை உடைத்தால் மஞ்சள் துகள் உதிரும். அந்தத் துகளிலே கசப்பும் உண்டு, கமழும் எண்ணெயும் உண்டு. நெடுநேரம் கொதிக்கவிட்டால் மணம் ஆவியாகிக் கசப்பு மிஞ்சும்; புளித்து அடங்கிய பிறகு குளிர்ந்த பீரிலே அப்படியே ஊறப்போட்டால் மணம் மிஞ்சும். இரண்டையும் செய்கிறார்கள். அமெரிக்காவிலே 1972-இல் ‘காஸ்கேட்’ என்றொரு வகையை வெளியிட்டார்கள்; பம்பளிமாசு மணம் அதற்கு. பின்னாளில் ‘சிட்ரா’ வந்தது. பெயரிலேயே எலுமிச்சைக் குலம்! ஆரஞ்சுத் தோலிலும் ஹாப்ஸ் பூவிலும் மணக்கும் எண்ணெய்கள் சில ஒன்றே. மூக்கு ஏமாறவில்லை, பொருள் வேறாயினும் மணம் மெய்.

டப்பாவின் மேலே ‘இரட்டை இந்தியா பேல் ஏல்’ என்று எழுதியிருந்தது. “இந்தியாவா? இந்தியாவுக்கும் இதற்கும் என்னடா உறவு?” என்றேன். அவனுக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதியை நான் வீடு திரும்பிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இலண்டனுக்குக் கிழக்கே ‘போ’ என்றோர் ஊர். ஆம், பெயரே போ! அங்கே 1752-இல் பீர் ஆலை தொடங்கியவர் ஹாட்ஜ்சன். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நிற்குமிடம் அருகிலேயே. கப்பல் தலைவர்களுக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்து, ஓராண்டுக்கு மேலும் பொறுத்திருந்து பணம் வாங்கினார்கள் அந்த ஆலையார். ‘போ’ என்றார்கள், பீப்பாய் போயிற்று - நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நாலைந்து திங்கள் கடலிலே குலுங்கி, கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நம் சென்னைக்கும். ஹாப்ஸின் கசப்பு பீரைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை அடக்கும்; ஆகவே வெப்பநாட்டுக்குப் போகும் பீருக்கு ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள். ஹாட்ஜ்சன்தான் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று கதை கட்டுவோர் உண்டு, அது கதையே. கசப்பு மிகுந்த பீர் இங்கிலாந்திலே முன்பே இருந்தது. 1820-களிலே பர்ட்டன் நகரத்து அல்சாப்பும் பாஸும் போட்டிக்கு வந்து சந்தையைப் பிடித்தார்கள்.

சென்னைக்கு அந்நாளிலே துறைமுகம் ஏது! கப்பல் ஆழ்கடலில் நிற்கும். நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளிலே சரக்கை இறக்கி, அலைமேல் ஏறி, அலையோடு சறுக்கிக் கரை சேர்த்தவர்கள் நம் கடற்கரைப் படகோட்டிகள். பீப்பாய் உருண்டது, துரைமார் பருகினர். வெள்ளைச் சிப்பாய்க்குக்கூடப் பெரும்பாலும் கிடைத்தது ‘போர்ட்டர்’ என்னும் கறுப்புப் பீர்தான். இந்த வெளிர்நிறச் சரக்கு அதிகாரி மேசைக்கு! 1842 முதல் அந்த மேசைக்குப் பனிக்கட்டியும் வந்தது. பிரடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், தம் நாட்டு ஏரிகளிலே வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து சேமித்துவைத்த கட்டடம் - ஐஸ் அவுஸ் - கடற்கரைச் சாலையிலே, பின்னாளில் விவேகானந்தர் இல்லமாகி, இன்றும் நிற்கிறது. மயிலையிலிருந்து நடந்தே போகலாம். பெயர் இந்தியாவினுடையது, பருகியவன் வெள்ளையன், சுமந்தவன்தான் இந்தியன்!

‘இரட்டை’ வந்தது மிகப் பிந்தி. 1994-இல், கலிபோர்னியாவின் டெமெகுலா ஊரிலே, வின்னி சிலுர்சோ என்பவர் தம் சின்னஞ்சிறு ஆலையில் ஹாப்ஸை இரட்டித்து, முளைவிட்ட வாற்கோதுமையையும் கூட்டிக் காய்ச்சினார். கசப்பு ஏறிற்று, கூடவே போதையும் ஏறிற்று. சாதாரண பீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயம். இதிலே எட்டு, சிலவற்றில் பத்து.

சரி, மதிப்புரை கேட்டானே மருமகன்! கொடுத்தேன்.

நிறம்: செக்கிலிருந்து இறங்கிய நல்லெண்ணெய், விளக்கெதிரே பிடித்தாற்போல. நுரை: காப்பிக்கடைக்காரர் இரு கையையும் அகல விரித்து ஆற்றிய நுரைக்குத் தோற்காது, நெடுநேரம் நின்றது. மணம்: கமலாத் தோல் முன்னே, பம்பளிமாசு அதன் பின்னே, காம்பு கிள்ளிய மாங்காயின் பால் சற்றுத் தள்ளி, கடைசியிலே குங்கிலியம் போல ஒரு பிசின் வாடை. முதல் வாயிலே மெல்லிய இனிப்பு, ரொட்டியின் சிவந்த மேலோட்டைக் கடித்தாற்போல. அது நாவிலே அமர்வதற்குள் கசப்பு வந்துவிட்டது. கசப்பு என்றால், நார்த்தங்காயின் வெண்ணிற உட்தோலைத் தனியே மென்ற கசப்பு! முகத்தைச் சுளிப்பேன் என்று காத்திருந்தான் பயல். சுளிக்கவில்லை. வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வற்றலும் பாகற்காய்ப் பொரியலும் உண்டு வளர்ந்த நாக்கையா அமெரிக்கக் கசப்பு மிரட்டும்?

குறையும் சொன்னேன். டப்பாவின் அடியிலே அச்சிட்ட நாள் இரண்டு திங்களுக்கு முந்தியது. ஹாப்ஸின் மணம் வாரக் கணக்கிலே மங்குவது. புதிதிலே இன்னும் பாய்ந்திருக்கும். குளிர் இறங்க இறங்க, ஆரஞ்சுக்கு அடியிலிருந்து நறுக்கிய வெங்காயத்தின் வாடை தலைகாட்டிற்று. விழுங்கிய பின் தொண்டையிலே ஒரு சூடு. தங்கை பொரித்துவைத்த மிளகாய் பஜ்ஜியை இதனோடு உண்டது பெரும் பிழை - கசப்பும் காரமும் கைகோத்துக்கொண்டு நாக்கைப் பதம் பார்த்துவிட்டன! இதற்கு மோர்மிளகாய் இல்லாத தயிர்ச்சோறுதான் துணை என்றேன், சிரித்தான்.

ஆயினும், உண்மையை மறைத்தென்ன பயன்? எனக்குப் பிடித்திருந்தது. நான்காவது வாயை யாரும் வற்புறுத்தாமலே எடுத்தேன். எடுத்த கை என் கையா என்று திகைத்தேன்.

இப்போது, நான் ஏன் பேச்சு நின்றேன் என்பதைக் கூறுகிறேன்.

என் தந்தை அச்சுக்கோப்பவர். தியாகராய நகரிலே ஓர் அச்சகத்தில் வேலை. மயிலையிலே, மாடவீதிகளுக்குப் பின்புறச் சந்தொன்றிலே குடித்தனம். ஈய எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி, நேராகப் படித்துக்காட்டும் விந்தை மனிதர். எனக்கு எழுத்தறிவித்த முதல் ஆசான் அவரே. 1971-இல் தமிழகத்திலே மதுவிலக்குத் தளர்ந்தது. கடைகள் திறந்தன. அப்போது எனக்கு அகவை பதினொன்று. அதுவரை வெறுங்கையோடு வீடு திரும்பிய தந்தை, அந்த ஆண்டு முதல் பாண்டி பசார் தள்ளுவண்டியிலே கமலா ஆரஞ்சு வாங்கிவரலானார். பருவம் தப்பினால் சாத்துக்குடி. துள்ளினோம், நானும் தங்கையும்! “நம் அப்பாவுக்குச் சம்பளம் உயர்ந்துவிட்டது” என்று அண்டை வீட்டுப் பிள்ளைகளிடம் பெருமை அளந்தோம். பழம் எங்களுக்கு. தோலை மட்டும் அவர் வழியெல்லாம் மென்றுகொண்டே வருவார். பனகல் பூங்காவிலிருந்து மயிலை வரை நடை. நடை முடியுமுன் வாயிலே நாற்றம் போய் மணம் வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அம்மாவை ஏய்க்கலாம் என்று நினைத்தார். அம்மா ஏமாறவில்லை. ஏமாந்தவர்கள் நாங்கள், பழத்துக்குக் கை நீட்டியவர்கள்!

1974-இல் மதுவிலக்கு மீண்டும் வந்தது. ஆரஞ்சு நின்றது. தந்தை கிடைத்தார். 1981-இல் அது மறுபடி தளர்ந்தது, ஆரஞ்சு வந்தது. 1988-இல் கல்லீரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கி, ஈய எழுத்தை எடுத்த விரல்கள் தண்ணீர்க் குவளையை எடுக்க மாட்டாமல் நடுங்கி, அவர் மறைந்தார். கடையை மூடிவிட்டால் குடி ஒழிந்துவிடும் என்று நான் வாதாட வரவில்லை. கள்ளச்சாராயம் குடித்து மாண்டவர்களின் பிணங்களை 2024-இல் கள்ளக்குறிச்சியிலே வரிசை வரிசையாகக் கண்ட நாடு இது. எங்கள் வீட்டு நாட்காட்டி எப்படி ஓடிற்று என்பதை மட்டுமே சொன்னேன்.

ஆரஞ்சுத் தோலும் சாராயமும் கலந்த மணம் - சான் டியேகோவிலே பலர் கூடி ஆராய்ந்து, பூக்களைத் தேர்ந்து, பதம் பார்த்துச் சமைத்தார்களே, அந்த மணம் - என் தந்தையின் மூச்சுக்காற்று!

இதை மருமகனிடம் நான் சொல்லவில்லை. டப்பாவைக் கையிலெடுத்தேன், எழுதுகோலை எடுத்தேன். 473 மில்லி, நூற்றுக்கு எட்டு. அப்படியானால் உள்ளே சாராயம் மட்டும் ஏறத்தாழ 38 மில்லி. “கடையிலே ‘கட்டிங்’ என்கிறார்களே, எவ்வளவடா அது?” என்றேன். “குவார்ட்டர் 180 மில்லி. அதிலே பாதி, 90” என்றான். பிராந்திப் புட்டியின் மேல் அச்சிட்டிருப்பது நூற்றுக்கு 42.8. பெருக்கினேன். 38 மில்லி, அதன்மேல் அரை மில்லி!

“ஒரு டப்பா, ஒரு கட்டிங். கணக்குச் சரியா, பார்” என்று தாளை நீட்டினேன்.

பார்த்தான். “மெல்ல மெல்லப் பருகுகிறோமே, மாமா. சுவைக்காகத்தானே?” என்றான். அதுவும் பொய்யன்று. அரைமணி நேரமாக ஒரு குவளையை வைத்துக்கொண்டு பூவைப் பற்றியும் மணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். கடை வாசலிலே நின்றபடி ஒரே மூச்சிலே கவிழ்த்துவிட்டுப் போகிறவனுக்கு அந்த அரைமணியை யார் கொடுத்தார்கள்? அவனுக்கு நாற்காலி இல்லை, நல்லெண்ணெய் நிறம் பார்க்க விளக்கில்லை, மணம் என்னவென்று கேட்கும் மருமகனும் இல்லை. அடையாற்றிலே அருந்தினால் இரசனை. தியாகராய நகர்த் தெருவோரத்திலே அருந்தினால் குடிகாரன். ஆயினும் கல்லீரலுக்கு முகவரி படிக்கத் தெரியுமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த 38 மில்லிதானே! இதைத்தான் அவனிடம் கேட்டேன். பதில் கூறாமல் டப்பாவின் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் என் தங்கை சமையற்கட்டிலிருந்து அடுத்த தட்டு பஜ்ஜியோடு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். மூக்கை உயர்த்தினாள். அறுபத்தொன்று அகவை அவளுக்கு. அந்தக் கணத்திலே ஏழு வயதுச் சிறுமி போலிருந்தாள்.

“அண்ணே, அப்பா வாசனை அடிக்கிறதே?” என்றாள்.

மருமகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பாட்டனாரை அவன் கண்டதில்லை. கூடத்திலே மாலையிட்ட படமாகவே அறிவான். பிறகு எல்லாவற்றையும் அவளே அவனுக்குச் சொன்னாள், தள்ளுவண்டி முதற்கொண்டு. நான் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

“சரி மாமா, மதிப்பெண் எவ்வளவு?” என்று நெடுநேரம் கழித்து, தாழ்ந்த குரலிலே கேட்டான்.

“மணத்துக்குப் பத்திலே ஒன்பது. சுவைக்கு ஏழு” என்றேன். ஏமாற்ற மனமில்லை.

என் குவளையிலே பாதிக்கு மேல் இருந்தது. தங்கை அதை எடுத்தாள், ஒருமுறை முகர்ந்தாள், சமையற்கட்டுத் தொட்டியிலே கொட்டிக் குழாயைத் திறந்தாள். நல்ல சரக்காயிற்றே என்று ஒரு கணம் எனக்குப் பதறியது. இரவுச் சோறு உண்டு முடிக்கும்வரை அந்தத் தொட்டியிலிருந்து ஆரஞ்சுத் தோல் மணம் வந்துகொண்டிருந்தது.