பெட்டியின் ஓரத்தில் ஓர் எண்

2024 ஆகஸ்ட் 1 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிச் சுடுதல் நடந்த ஷாத்தொரூவில், கோலாப்பூர்க்காரரான ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். 451.4 புள்ளி. மறுநாள் பத்திரிகைகளில் அவருடைய ரயில்வே வேலை வந்தது, தோனி மேல் அவருக்கு இருக்கும் பற்று வந்தது, ஊர்க்காரர்கள் போட்ட ஆட்டம் வந்தது. எந்த லாட் தோட்டாவைச் சுட்டார் என்று யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் யார் படித்திருப்பார்கள்? ஆனால் அந்த அரங்கில் அவருக்கு இருபக்கமும் படுத்தும் மண்டியிட்டும் நின்றும் சுட்டவர்களுக்கு ஒருவரை ஒருவர் கேட்கத் தோன்றும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். அதைத் தொடவேண்டிய குண்டு 5.6 மில்லிமீட்டர். நடுவில் 50 மீட்டர் காற்று. இந்தக் கணக்கில் சுடுபவரின் மூச்சும் விரலும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், தோட்டா ஒழுங்கில்லாவிட்டால் பத்து ஒன்பதாகிவிடும். அப்படி ஒழுங்கான தோட்டாவை அவர் எங்கிருந்து பெறுவது?

வேறு துப்பாக்கிக்காரர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. 300 மீட்டரிலும் 1000 கெஜத்திலும் பெரிய ரைஃபிள் சுடுபவர்கள் இரவில் மேஜை விளக்கின் கீழ் உட்கார்ந்து மருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்து, சுட்ட உறையிலேயே புதுக் கேப்பை அழுத்தி, தங்கள் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்வார்கள். 50 மீட்டரில் பாயின்ட் டூ டூ (.22) சுடுபவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் சுடும் ரிம்ஃபயர் தோட்டாவில் தனிக் கேப் கிடையாது. தீப்பிடிக்கும் கலவை பித்தளை உறையின் அடிவிளிம்பில், மடிந்த ஓரத்துக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்கவைக்கிறது. நசுங்கிய விளிம்பை மறுபடி நிமிர்த்திக் கலவை பூசுவது நடக்கிற காரியமில்லை. 1845 வாக்கில் பாரிஸில் ஃப்ளோபர் என்பவர் வீட்டுக்கூடத்தில் சுட்டு விளையாடச் செய்த குட்டித் தோட்டாவிலிருந்து வந்த வம்சம் இது. அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி 1887இல் கொண்டுவந்த .22 லாங் ரைஃபிள்தான் அதே அளவில் இன்றும் ஒலிம்பிக்கில் வெடிக்கிறது. குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். வெறும் ஈயம், மேலே மெழுகுப் பூச்சு.

ஆகவே இந்த ஆட்டக்காரருக்குச் செய்யும் கலை இல்லை, தேர்ந்தெடுக்கும் கலை மட்டும் உண்டு. அந்தக் கலை பிராண்டோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் புதியவர்கள். பர்மிங்ஹாமின் ஈலி டெனெக்ஸ், ஜெர்மனியின் ஆர்டபிள்யூஎஸ் ஆர்50, லாபுவாவின் மிடாஸ் பிளஸ், எக்ஸ்-ஆக்ட் என்று நான்கைந்து பெயர்கள் உலகப் போட்டிகளில் அடிபடும். இவற்றில் எது சிறந்தது என்று அனுபவஸ்தரிடம் கேட்டால், எந்த லாட் என்று திருப்பிக் கேட்பார்.

சாயப்பட்டறை பார்த்தவர்களுக்கு லாட் விளங்கும். அதே மருந்து, அதே தொட்டி, அதே ஆள், ஆனாலும் செவ்வாய்க்கிழமைச் சிவப்பும் வியாழக்கிழமைச் சிவப்பும் பக்கத்தில் வைத்தால் இரண்டு சிவப்பு. தோட்டாத் தொழிற்சாலையில் தீக்கலவையை ஈரமாக உறைக்குள் வைத்து, சுழற்றி, விளிம்புக்குள் படரவிடுகிறார்கள். ஓர் உறையில் இம்மி கூடும், ஒன்றில் இம்மி குறையும். மருந்தின் புதுச் சாக்கு ஒன்று பிரியும், ஈயக் கம்பியின் புதுச் சுருள் ஒன்று ஏறும். ஒரே மூலப்பொருளில், ஒரே அமைப்பில், ஒரே மூச்சில் செய்து முடித்த தோட்டாக்களுக்கு ஒரே எண் கொடுத்துப் பெட்டியின் ஓரத்தில் அச்சடிக்கிறார்கள். ஈலிக்காரர்கள் அந்த எண்ணோடு அந்த லாட்டின் வேகத்தையும் போடுவதுண்டு. வண்ணப் பெட்டியில் ஷூட்டர் முதலில் படிப்பது இந்தச் சின்ன அச்சைத்தான்.

விஷயம் இதோடு நின்றால் பரவாயில்லை. நல்ல லாட் எது என்று தொழிற்சாலையே சொல்லிவிடலாம், எல்லோரும் அதையே வாங்கலாம். ஆனால் ஒருவருடைய ரைஃபிளில் ஒரே ஓட்டையாகச் சுடும் லாட், அதே கம்பெனியின் அதே மாடல் ரைஃபிள் வைத்திருக்கும் பக்கத்துக்காரரிடம் பரந்து விழுகிறது. பேரலின் உள்ளளவு, தோட்டா உட்காரும் அறையின் நீளம், சுடும்போது குழல் அதிரும் விதம் ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரு குணம் உண்டாகிறது. நல்ல மேட்ச் ரைஃபிளில் போல்ட்டை மூடும்போதே குண்டின் தோள் குழலின் வரிகளில் பதிவதைக் கை உணரும். சில லாட்டுகள் கொஞ்சம் இறுக்கமாக, சில லேசாக உட்காரும். எந்த இறுக்கம் எந்தக் குழலுக்குப் பிடிக்கும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னவர் எவரும் இல்லை. சுட்டுத்தான் பார்க்கவேண்டும்.

அதற்கென்றே ஜெர்மனியில் மாக்டபுர்க் நகருக்குப் பக்கத்தில், எல்ப நதிக்கரையில் இருக்கும் ஷோனெபெக்குக்கு உலகமெங்கும் இருந்து ஷூட்டர்கள் போகிறார்கள். லாபுவா என்பது ஃபின்லாந்து ஊர்ப் பெயர், ஃபின்லாந்துக் கம்பெனி, ஆனால் அதன் .22 தோட்டாக்கள் பிறப்பது இந்த ஜெர்மன் ஊரில்தான். எஸ்கே என்ற விலை குறைந்த தோட்டாவும் அங்கேதான் செய்யப்படுகிறது. கொண்டுபோன ரைஃபிளைக் கட்டையிலிருந்து கழற்றி, பேரலோடு இரும்புப் பிடியில் இறுக்குகிறார்கள். மனிதர் நடுங்குவதற்கு இனி இடமில்லை. ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகச் சுடுகிறார்கள். மின்னணு இலக்கு ஒவ்வொரு குண்டும் விழுந்த இடத்தைக் குறிக்கிறது. நன்றாக விழுந்த லாட்டுகளை மட்டும் இரண்டாம் சுற்றுக்கு எடுத்து இன்னும் நிறையச் சுடுகிறார்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் மேசாவில் இதே வேலைக்கு 100 மீட்டர் வரை நீளும் சுடுதளம் இருக்கிறது.

வீட்டுப் பக்கத்துக் கிளப்பில் இதைத் தாங்களே செய்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஐந்து குண்டு சுட்டு, ஓட்டைகள் நெருக்கமாக விழுந்ததும் அந்த லாட்டைக் கொண்டாடிவிடுவது. ஐந்து குண்டுக் குரூப், அதாவது ஐந்து ஓட்டைகளின் கூட்டம், பொல்லாதது. தோட்டா மாறாமல், துப்பாக்கி மாறாமல், காற்றில்லாமல் சுட்டாலும் அதன் அளவு வெறும் தற்செயலால் கால் பங்கு கூடுவதும் குறைவதும் சாதாரணம். ஒரு முறை 12 மில்லிமீட்டர், அடுத்த முறை 20 மில்லிமீட்டர் வந்தால், மாறியது எதுவும் இல்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. புள்ளியியல் தெரிந்த ஷூட்டர் ஐம்பது குண்டாவது சுடாமல் வாயைத் திறப்பதில்லை. திறப்பவர்கள்தான் அதிகம் என்பது வேறு விஷயம். மிகச் சிறிய குரூப்பைப் படம் எடுத்துக் காட்டுவதும் பெரியதைக் கிழித்துப் போடுவதும் மனித இயல்பு.

இன்னொரு கவனம்: ஒரு கம்பெனியின் தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் வரும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய மெழுகு போய்ப் புது மெழுகு குழலில் படியவேண்டும்.

இதெல்லாம் 50 மீட்டர் கதை. கடந்த சில ஆண்டுகளில் இதே சின்னத் தோட்டாவைக் கொண்டு 200, 300 மீட்டருக்கு அடிக்கும் மோகம் அமெரிக்காவில் வளர்ந்திருக்கிறது. 2017இல் தொடங்கிய என்ஆர்எல்22 போட்டிகள் 100 கெஜத்துக்குள் நின்றன. பிஆர்எஸ் அமைப்பின் ரிம்ஃபயர் போட்டிகள் அதைத் தாண்டிப் போயின. அங்கே போனதும் தேர்வின் விதியே மாறிவிடுகிறது.

நொடிக்கு 327 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டர் போவதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் இறங்கும். 200 மீட்டரில் அந்த இறக்கம் இரண்டு மீட்டரைத் தாண்டும். இறக்கம் எவ்வளவு என்பது பிரச்சினையில்லை. டெலஸ்கோப்பைத் திருகி ஈடுகட்டலாம். பிரச்சினை, ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேக வித்தியாசம். நொடிக்குப் பத்து மீட்டர் வேகம் குறைந்து கிளம்பிய குண்டு 50 மீட்டரில் ஏழு மில்லிமீட்டர்தான் தாழ்ந்து விழும். 200 மீட்டரில் அதுவே சுமார் 13 சென்டிமீட்டர் ஆகிவிடும். தூரம் நான்கு மடங்கு, தவறு பதினெட்டு மடங்கு. ஆக, 50 மீட்டரில் ஒரே ஓட்டை போடும் அருமையான லாட் 200 மீட்டரில் மேலும் கீழுமாக நீண்ட கோடு கிழிக்கலாம். 50 மீட்டரில் சுமாராக இருந்து, வேகம் மட்டும் ஒரே சீராக இருந்த மலிவான லாட் அங்கே ஜெயிக்கலாம். அதனால் தொலைதூரக்காரர்கள் அளவுகோலை வைத்துவிட்டு, ரேடாரில் வேகம் அளக்கும் குட்டிப் பெட்டியைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்கிறார்கள். கம்பெனிகளும் இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டன. லாபுவா லாங் ரேஞ்ச், சூப்பர் லாங் ரேஞ்ச், எஸ்கே லாங் ரேஞ்ச் மேட்ச் என்று பெட்டிகள் வந்தாயிற்று. பெயரை நம்பி வாங்குவதைவிட ரேடாரை நம்பி வாங்குவது நல்லது.

தூரம் என்றதும் வேகமான தோட்டாதானே வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். கடையில் ஹை வெலாசிட்டி என்று போட்ட பெட்டிகள் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் .22இல் கணக்கு தலைகீழ். பக்கக் காற்று குண்டைத் தள்ளும் அளவு, குண்டு காற்றில் இருக்கும் நேரத்தைப் பொறுத்ததில்லை. வழியில் அது எவ்வளவு நேரத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் மொண்ணை ஈயக் குண்டு, ஒலியின் வேகத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் காற்றோடு மல்லுக்கட்டி வேகத்தைக் கொட்டிவிடுகிறது. மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில், 100 கெஜத்தில், வேகமான தோட்டா மெதுவான தோட்டாவைவிடச் சுமார் ஓர் அங்குலம் கூடுதலாக ஒதுங்கும். அதனால்தான் உலகின் விலையுயர்ந்த மேட்ச் தோட்டாக்கள் எல்லாம் ஒலிக்குச் சற்று கீழேயே கிளம்புமாறு செய்யப்படுகின்றன.

அந்தச் "சற்று கீழே" என்பதும் ஊருக்கு ஊர் மாறும். 20 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், உறைபனியில் 331, பனி நாட்டில் மைனஸ் 20இல் 319தான். பனிச்சறுக்கின் இடையிடையே சுடும் பயத்லான் விளையாட்டு 1978இல் பெரிய ரைஃபிளை விட்டு .22க்கு மாறியதிலிருந்து குளிருக்கென்றே தனித் தோட்டாக்கள் செய்கிறார்கள். குளிரில் மெழுகு இறுகும், மருந்து மந்தமாக எரியும். ஜூலையில் தேடிப் பிடித்த லாட்டை ஜனவரியில் மறுபடி சோதிக்காமல் நம்புவதில்லை.

சோதனைக்கு வசதியில்லாதவர்கள் வேறு வழிகளில் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தோட்டாவின் விளிம்புத் தடிமனையும் அளந்து பிரிப்பார்கள், தராசில் நிறுத்துப் பிரிப்பார்கள். மலிவான தோட்டாவில் இதற்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம். தொழிற்சாலையிலேயே வடிகட்டி வந்த மேட்ச் தோட்டாவில் ஒரு மாலைப்பொழுது போவதைத் தவிர அதிகப் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த மாலையில் ஐம்பது குண்டு சுட்டுப் பழகியிருந்தால் புள்ளி ஏறியிருக்கும்.

இத்தனைக்கும் எதிர்வாதம் போல நிற்பவர் அமெரிக்காவின் மாத்யூ எமன்ஸ். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டிக்குச் சற்று முன் அவருடைய ரைஃபிளை யாரோ வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டிருந்தார்கள். பழகிய குழல் போனது, அதற்குப் பொருத்தமாகப் பார்த்து வைத்த தோட்டாவின் அர்த்தமும் போனது. கடன் வாங்கிய ரைஃபிளோடு ஏதென்ஸ் போய், படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வாங்கிவந்தார். (அதே ஒலிம்பிக்கின் மூன்று நிலைப் போட்டியில், தங்கம் கைக்கு எட்டிய கடைசிக் குண்டை அடுத்தவர் இலக்கில் சுட்டதும் அவர்தான். அதற்கு எந்த லாட்டும் பொறுப்பில்லை.) அவர் கதையைச் சொல்லி, தோட்டாத் தேர்வெல்லாம் மனப்பிராந்தி என்பவர்கள் உண்டு. எமன்ஸின் கை எமன்ஸிடம்தான் இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்திய ஷூட்டருக்கு இந்தத் தேர்வு இன்னும் குறுகலானது. மேட்ச் தோட்டா இறக்குமதிச் சரக்கு. லைசென்ஸ், ஒதுக்கீடு, கப்பல் எல்லாம் தாண்டி வரவேண்டும். ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கான அரசின் டாப்ஸ் திட்டத்தில் இருக்கும் முன்னணி வீரர்கள் ஜெர்மனிக்கே போய்ச் சோதித்து எடுத்துவர நிதி கிடைக்கிறது. மாவட்ட அளவில் சுடும் பிள்ளைக்கு, கிளப்புக்கு எந்த லாட் வந்ததோ அதுதான் லாட். அதில் நன்றாகச் சுடப் பழகுகிறது.

பிடித்த லாட் கிடைத்துவிட்டால் செய்யவேண்டியது ஒன்றே: கையில் இருக்கும் காசுக்கு அள்ளிக்கொள்வது. ஐம்பது ஒரு பெட்டி, ஐந்நூறு ஒரு பிரிக், ஐயாயிரம் ஒரு கேஸ். சோதித்துவிட்டு வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்று கிளம்பியவர் திரும்பி வருவதற்குள் அந்த லாட்டை வேறொருவர் வாங்கிப் போயிருப்பார். அந்த எண் மறுபடி தயாராகாது. விவரம் தெரிந்தவர்கள் பயிற்சிக்கு ஒரு லாட், போட்டிக்கு ஒரு லாட் என்று பிரித்துவைக்கிறார்கள். போட்டி லாட்டில் கடைசி இரண்டு பெட்டியை மட்டும் எந்தப் போட்டிக்கும் எடுப்பதில்லை. அடுத்த லாட் தேடும் நாளில் புதிய தோட்டாக்களோடு மாற்றி மாற்றிச் சுட்டு ஒப்பிட அவை வேண்டும்.