கரையில்தான் பாடு

விடுமுறை நாளில் கயாக்கில் போய் மீன் பிடிப்பவன் நான். கடலில் எனக்குச் சிரமமில்லை. வீட்டிலிருந்து பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு.

மீன்பிடிக் கயாக் பெரும்பாலும் 3 மீட்டருக்கு மேல் நீளம். மின்தூக்கியில் நுழையாது. வீவக தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விடவேண்டும்; அங்கும் வைக்க முடியாது. அதனால் காற்றடிக்கும் கயாக் வாங்கினேன். மடித்தால் ஒரே பை. ஆனால் துடுப்பு, பம்பு, உயிர்காப்பு அங்கி, தூண்டில், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால் இரண்டு பேர் சுமை.

திரும்பும்போது இன்னும் மோசம். ஈரப் பையைப் பார்த்ததும் சில டாக்சி ஓட்டுநர்கள் ஏற்ற மாட்டார்கள். வீட்டுக்கு வந்து ரீலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு தங்கினால் அரித்துவிடும். கயாக்கை நன்றாகக் காயவைக்காமல் மடித்தால் பூஞ்சை பிடிக்கும். குளியலறையில் இரண்டு நாள் மீன் வாடை.

"ரெண்டு சின்ன மீனுக்கா இவ்வளவு? ஈரச்சந்தையில பத்து வெள்ளிக்கு வாங்கிடலாமே" என்பார் மனைவி. கணக்கு சரிதான்.

ஆனால், சுமையில் பாதியைத் தூக்குவது உயர்நிலை மூன்றில் படிக்கும் எங்கள் மகன். வீட்டில் எதைக் கேட்டாலும் "ம்" என்பான். கரையில் நாங்கள் மாறி மாறிப் பம்பு அடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் தானாகவே பேசுகிறான்: புரியாத கணக்குப் பாடம், விலகிப்போன நண்பன், தொடக்கக்கல்லூரியா பலதுறைத் தொழிற்கல்லூரியா என்ற குழப்பம்.

சக்கர வண்டி வாங்கினால் ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துப் போகலாமாம். விலையும் அதிகமில்லை. நான் இன்னும் வாங்கவில்லை.