ஆங்கிளின் காடி

வளையமாதேவி கிராமத்திலிருந்து என் பல்சீரமைப்பு மருத்துவமனைக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் அம்மாக்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "நல்ல பல்லைப் பிடுங்காம கம்பி கட்ட முடியாதா சார்?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல்சீரமைப்பைத் தனித்துறையாக நிலைநிறுத்திய எட்வர்ட் ஹார்ட்லி ஆங்கிளும் கடைசிவரை இந்தப் பக்கம்தான் நின்றார்.

1855இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். பற்கள் கடிக்கும் முறைக்கு 1899இல் அவர் தந்த வகைப்பாட்டைத்தான் ஒவ்வொரு நோயாளியின் தாளிலும் முதலில் எழுதுகிறேன். ஆறு வயதில் முளைக்கும் மேல் கடைவாய்ப்பல்லின் முன்மேடு கீழ்ப்பல்லின் கன்னப்பக்கப் பள்ளத்தில் உட்கார்ந்தால் முதல் வகுப்பு. கீழ்ப்பல் பின்தங்கினால் இரண்டாவது, முந்தினால் மூன்றாவது. கண்ணாடியும் விளக்கும் போதும்.

அவருடைய கைவேலை அதைவிடப் பெரிது. உருண்டைக் கம்பி பல்லின் தலையைச் சாய்க்கும். வேர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். வேரையும் நகர்த்த, பட்டையான கம்பியை, பல்லில் பொருத்திய பிராக்கெட்டின் காடியில், அதாவது கம்பி உட்காரும் பள்ளத்தில், செங்குத்தாக நுழைத்துப் பார்த்தார். போதவில்லை. 1925இல், எழுபது வயதில், காடியை முன்பக்கம் பார்க்கத் திருப்பி, செவ்வகக் கம்பியை அதற்குள் படுக்கவைத்தார். 0.022க்கு 0.028 அங்குலம். கம்பியை முறுக்கினால் காடியின் சுவரில் அழுந்தி, வேர் திரும்பும். தங்கக் கம்பி எஃகாயிற்று, அந்த 0.022 அங்குலக் காடி இன்றும் என் தட்டில் இருக்கிறது. அந்த வயதில் தன் பழைய கருவியைத் தானே தள்ளிவைக்க எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்!

ஆனால், முகம் பற்றிய அவர் எண்ணத்தை நான் ஏற்கவில்லை. எல்லாப் பல்லையும் சரியாகப் பொருத்தினால் எலும்பு தானே வளர்ந்து இடம் கொடுக்கும், முகமும் அழகாகும் என்று நம்பினார். அழகுக்கு அவர் காட்டிய அளவுகோல் அப்போலோவின் சிலை. எல்லோருக்கும் ஒரே முகம் பொருந்தாது என்று ஓவிய ஆசிரியரான அவருடைய நண்பர் வூர்ப்பெல் சொல்லியும், பல்லைப் பிடுங்கக் கூடாது என்பதை அவர் விடவில்லை.

1930இல் ஆங்கிள் இறந்தபின், அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், பல்லைப் பிடுங்காமல் தான் சிகிச்சை செய்தவர்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். பலருக்கு உதடுகள் முன்தள்ளியிருந்தன. பற்களும் பழையபடி விலகியிருந்தன. நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்து மறுபடி செய்தார்.

எங்கள் பக்கத்தில் பல் வரிசை ஒழுங்காக இருந்தும் இரு தாடைப் பற்களும் முன்துருத்தி, உதடு மூடச் சிரமப்படும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு நான் ட்வீட் வழி. ஆனால் எடுத்த இடத்தை மூடும்போது பல் சாயாமல், வேரோடு நடந்துவர ஆங்கிளின் செவ்வகக் கம்பிதான் வேண்டியிருக்கிறது. பிடுங்கக் கூடாது என்றவரின் கருவிதான் பிடுங்கிச் செய்யும் சிகிச்சையைச் சாத்தியமாக்கியது.

எடுத்த பல்லின் அகலம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். மாதம் 1 மில்லிமீட்டர் மூடினால் நல்ல வேகம். நடவும் அறுப்பும் வந்தால் வருகை தள்ளிப்போகும். அந்த மாதங்களையும் சேர்த்தே முதல் நாளே கணக்குச் சொல்லிவிடுகிறேன்.