தளரும் கைப்பிடி

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் குண்டடம் என்னும் ஊர் உள்ளது. மழையையும் கிணற்றையும் நம்பி வாழும் வறண்ட நிலம் அது. விடியற்காலையில் திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளின் ஊர்திகள் வந்து இளைஞரை ஏற்றிச் செல்லும். பின்னர்த் திண்ணைகளில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோரே.

அவர்களுள் ஒருவர் எண்பது வயதினர். இளமையில் கவலை பூட்டிக் காளைகளை ஓட்டி நீர் இறைத்தவர். ஒருநாள் பால் கறக்கையில் அவர் விரல்கள் முன்போல் பற்றவில்லை. பேரன் செம்பை வாங்கிக்கொண்டு, “அப்பாரு, நீங்க சும்மா உக்காருங்க” என்றான். அன்பினால் கூறிய சொல்தான். அவரும் அமர்ந்தார். சில திங்களில் தொழுவம்வரை நடப்பதே அவருக்கு அரிதாயிற்று.

இது முதுமையால் வந்ததா? அமர்ந்திருந்ததால் வந்ததா? இரண்டும் உண்டு. முப்பது வயதுக்குப் பின்னரே தசை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பின் அக்குறைவு விரைவுறுகிறது. எலும்பின் உறுதி குன்றுகிறது. தாகம்கூட மங்கிவிடுகிறது. இளமையில் உறுப்புகள் தேவைக்கு மிஞ்சிய ஆற்றலைச் சேமத்தில் வைத்திருக்கும். முதுமையில் அச்சேமம் சுருங்குகிறது. கோடைக் கிணறு அன்றாட இறைப்புக்கு ஈடுகொடுக்கும். ஒரு நாழிகை கூடுதலாக இறைத்தாலோ சேறு தெரியும். மெலிந்த முதியவருக்கு ஒரு காய்ச்சலே அந்தக் கூடுதல் இறைப்பு.

லிண்டா பிரீடு என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் 2001-இல் இம்மெலிவுக்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தனர். தானே எடை குறைதல், சோர்வு, நடை தளர்தல், உழைப்புக் குறைதல், கைப்பிடி தளர்தல் என்பன அவை. மூன்று சேர்ந்தால் மெலிவு என்றனர். பால் கறக்கும் கை அதனை முன்னரே அறிவித்துவிட்டது!

படுக்கை செய்யும் கேடு பெரிது. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நலமாயிருந்த முதியோர் பத்தே நாள் படுத்திருந்ததில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர்.

இழந்தது மீளாதா? மீளும். 1990-இல் பாஸ்டன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேர் எட்டு வாரம் கால்களால் பளு தூக்கிப் பழகினர். பயிற்சியை முடித்தோரின் கால்வலிமை சராசரியாக இருமடங்குக்கு மேலாயிற்று. இருவர் கைத்தடியையே விட்டனர்.

குண்டடத்துத் தொழுவத்தில் இப்போது பேரன் கன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறான். செம்பு பாட்டனார் கையில் இருக்கிறது. கறந்து முடிய முன்னினும் நேரமாகிறது, அவன் காத்திருக்கிறான்.