பேஸ் எங்கே நிற்கிறது?

மதுரை செல்லூரில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் என்றால் காலை ஒன்பது மணிக்கெல்லாம் தறிகள் நின்றுவிடும். மற்ற நாட்களில் அறுபதடி ரோட்டுப் பக்கத்துச் சந்துகளில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டும். துண்டு நெய்யும் விசைத்தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். நான் பார்க்கப் போன கிதார் கலைஞர் அப்படியொரு மின்தடை நாளைத்தான் குறித்துக் கொடுத்தார். "அன்னைக்கு வாங்க தம்பி. புதுசா ஒரு பாட்டுக்குக் கார்டு எடுக்கணும்னா எனக்கு அந்த ஒரு நாள்தான்."

அறுபதை நெருங்குகிற வயது. இளம் வயதிலிருந்து மதுரை ஆர்கெஸ்ட்ராக்களில் ரிதம் கிதார் வாசிக்கிறார். நொட்டேஷன் படிக்கத் தெரியாது. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் தறிகளை அவருடைய அண்ணன் ஓட்டுகிறார். கச்சேரி இல்லாத நாட்களில் இவரும் தறியில் நிற்பார். அன்றைக்குக் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். அவர் இவரை 'மாஸ்டர்' என்றே கூப்பிடுகிறார்.

மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் கார்டு; எல்லாவற்றுக்கும் அடியில் நிற்கிற சுரம் பேஸ். பாட்டின் மெட்டைக் காது பிடித்துவிடும், ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வருகிறது. பாடகரின் குரலுக்கும் வயலின் கூட்டத்துக்கும் அடியில் கிடக்கிற கார்டைப் பிரித்தெடுப்பது வேறு வேலை. ஸ்டுடியோவில் வாசித்தவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் மேற்கத்திய நொட்டேஷனில் எழுதிக் கொடுப்பார், பார்த்து வாசித்தார்கள். அந்தக் காகிதம் வைகைக் கரைக்கு வந்து சேரவில்லை. 1976இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து அவருடைய பாட்டுகளை மேடையில் வாசிக்க வேண்டியிருந்த எங்கள் ஊர்க்காரர்களிடம் இருந்ததெல்லாம் ரெக்கார்டும் கேசட்டும் காதும்தான். அவரே அப்போதைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராக மேடை ஏறியவர். பிறகுதான் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார்.

1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டைப் பற்றிக் கேட்டேன். கிதார்க்காரர்களுக்கு அது ஒரு பரீட்சை என்பார்கள். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது கஷ்டம்தான், ஆனா கிதார் முன்னாடி நின்னு கேக்குது. ஒளிஞ்சு கெடக்குறதுதான் கஷ்டம்."

அன்றைய வேலை மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சாமி கும்பிடுக் கச்சேரிக்காக. விழாக் கமிட்டியார் ஒரு பழைய பாட்டைக் கட்டாயம் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதிகம் பேர் கேட்டிராத பாட்டு. கேசட்டைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். பேட்டரி போட்ட டேப்பில் அதை ஓடவிட்டு, முதல் வேலையாகக் கிதாரின் ஆறு கம்பிகளையும் கொஞ்சம் ஏற்றிச் சுருதி கூட்டினார். பாட்டு ஆறு கட்டைக்கும் ஆறரைக் கட்டைக்கும் நடுவில் நின்றது. டேப் ஏறத்தாழ ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். மூன்று சதவீதம் என்றால் இரண்டுங்கெட்டானாக நடுவில் நிற்கும். பாட்டு உண்மையில் ஆறு கட்டைதான், அதாவது ஏ என்று சொல்லிவிட்டு, கணக்குக்கு ஏ மைனர் என்றே வைத்துக்கொண்டார்.

பாட்டின் இரண்டாவது இடையிசையில் (பிஜிஎம்) ஓர் இடம். நாலு தாளம்கூட இருக்காது. அதற்கு முன்னும் பின்னும் என்ன கார்டு என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். இந்த ஒன்று மட்டும் வழுக்கியது. இளைஞர் போனை எடுத்துக் காட்டினார். ஒரு செயலி அதை டி மைனர் என்று சொல்லியிருந்தது. மாஸ்டர் கிதாரை மடியில் படுக்கப் போட்டார்.

"கருவியத் தொடாத. மொதல்ல பேஸ் எங்க நிக்குதுன்னு பாடு."

ரீவைண்ட் செய்தார். இளைஞர் கண்ணை மூடி, அடித்தொண்டையில் ஒரு சுரத்தைப் பிடித்தார். மாஸ்டர் தலையாட்டவில்லை. மறுபடி ரீவைண்ட். ஐந்தாவது ஆறாவது தடவையில் இளைஞரின் குரல் கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் உட்கார்ந்தது. "சா எதுன்னு தெரியும்ல. அதுல இருந்து பாரு." இளைஞர் மெல்லச் சொன்னார்: "ரி, மாஸ்டர்."

பிறகுதான் கிதாரைக் கையில் எடுத்தார். செயலி சொன்ன டி மைனரையே முதலில் வாசித்தார். தப்பென்று தள்ளிவிட முடியாது, முக்கால்வாசி பொருந்தியது. ஆனால் டேப்பில் இருந்த ஒரு கசப்பு இதில் இல்லை. இரண்டாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தியிருந்த விரலை மட்டும் எடுத்தார். கம்பி திறந்து ஒலித்தது. ஏ மைனர் கணக்கில் அதுதான் ரி. "இந்தா வந்துட்டான்" என்றார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த வித்தியாசம் கேட்டது: ஒரே ஒரு விரல், மொத்த நிறமும் மாறிவிட்டது.

அதோடு விடவில்லை. அந்தக் கைவைப்பில் அடியில் ஒலிப்பது மத்தியமம். டேப்பிலோ அடியில் ரி. கையை மாற்றினார். ஐந்தாவது கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், நான்காவதில் மூன்று, மூன்றாவதில் இரண்டு, இரண்டாவதில் மூன்று. ஓரக் கம்பிகள் இரண்டையும் ஒலிக்கவிடாமல் மீட்டினார். டேப்பையும் ஓடவிட்டார். இரண்டும் ஒன்றாயின. பி ஹாஃப் டிமினிஷ்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டி மைனர் சிக்ஸ்த் என்ற கார்டிலும் இதே நான்கு சுரங்கள்தான்: ரி, ம, த, ச. பெயரை முடிவு செய்வது அடியில் எது நிற்கிறது என்பதுதான். சி சிக்ஸ்த்தும் ஏ மைனர் செவன்த்தும் இதே மாதிரி ஒரே சுரங்களைக் கொண்டவை. 'பெயரில் என்ன இருக்கிறது, சுரம் சரியாக இருந்தால் போதாதா' என்று கேட்டேன். பதிலுக்கு அடுத்த கார்டையும் சேர்த்து வாசித்துக் காட்டினார். அடுத்து வருவது ஈ செவன், அதற்கடுத்து ஏ மைனர். பேஸ் ரியில் இருந்து பஞ்சமத்துக்குத் தாவி, பிறகு சாவில் வந்து விழுகிறது. மத்தியமத்தில் இருந்தால் பஞ்சமம் பக்கத்து வீடு, தாவல் கிடையாது. "அந்த விழுகைக்காகத்தான்யா அவரு எழுதியிருக்காரு."

கார்டு தேடுகிற நம் ஆட்களுக்குக் கைகொடுக்கிற ஒரு வசதி உண்டு, ராகம். பாட்டு நடபைரவி என்று தெரிந்துவிட்டால் அதன் ஏழு சுரங்களில் எழும் கார்டுகள் ஏழுதான்: மூன்று மைனர், மூன்று மேஜர், ரியில் ஒரு டிமினிஷ்டு. தேடல் அங்கிருந்து தொடங்கும். அந்த ஏழில் அடங்காத ஒன்று வந்தால், எந்தச் சுரம் வெளியில் இருந்து வந்தது என்று பார்த்தால் போதும். இந்தப் பாட்டின் ஈ செவனில் காகலி நிஷாதம் இருக்கிறது. நடபைரவியில் அது கிடையாது. அந்த ஒரு கார்டுக்காகப் பாட்டு கீரவாணிப் பக்கம் போய்த் திரும்புகிறது. முழு டிமினிஷ்டு செவன்த்தைக் கண்டு பயப்படவே வேண்டாம் என்றார் மாஸ்டர். மூன்று ஃப்ரெட் தள்ளினால் அதே சுரங்கள் மறுபடி வரும். ஆகவே பன்னிரண்டு சுருதிக்கும் சேர்த்து மொத்தம் மூன்றே டிமினிஷ்டுதான்.

பேஸ் கிடைக்காமல் உலகமே திணறிய கதையும் உண்டு. பீட்டில்ஸ் 1964இல் வெளியிட்ட 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டு ஒரே ஒரு கார்டோடு தொடங்கும். அது என்ன கார்டு என்று பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். வாசித்த ஜார்ஜ் ஹாரிசனிடமே 2001இல் கேட்டபோது, தான் வாசித்தது மேலே ஜி சேர்ந்த எஃப் என்றும், பேஸ் சுரத்தைப் பால் மெக்கார்ட்னியிடம்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். கனடாவின் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன் அந்த ஒலியைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே முறையில் அலசி, உள்ளே ஒரு பியானோவும் இருக்கிறது என்றார். மாஸ்டருக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "வாசிச்சவருக்கே பேஸ் தெரியலையா? அப்ப நாம நல்லாத்தான் இருக்கோம்."

போன் ஸ்பீக்கரில் கார்டு எடுக்க வேண்டாம் என்று அவர் இளைஞரிடம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேஸ் கிதாரின் தடித்த கம்பி வினாடிக்கு 41 அதிர்வு; அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது ஒலிக்கவே ஒலிக்காது. மேலே உள்ள சாயலை வைத்துக் காது ஊகிக்கிறது. கேட்க முடியாத பேஸை ஒரு ஸ்தாயி ஏற்றிக் கேட்பது நல்ல வழி. இன்றைய செயலிகளில் அது எளிது. அதை இளைஞர் செய்து காட்டியபோது மாஸ்டர் மறுக்காமல், இரண்டு தடவை கேட்டுவிட்டு, எப்படிச் செய்வது என்று விசாரித்துக்கொண்டார்.

எனக்கு ஆதங்கம் வேறு ஒன்றில். ஆர்கெஸ்ட்ரா செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் எடுக்கப்படுவது கிதார் நாற்காலி. கீபோர்டு, பேட், தபேலாவோடு கச்சேரி முடிகிறது. பல இடங்களில் கரோக்கி டிராக்கே போதும் என்கிறார்கள். பல கீபோர்டுகளில் ஒரு விரலால் கார்டு வாசிக்கும் வசதியில் மேஜர், மைனர், செவன்த், மைனர் செவன்த் என்று நாலு வகைதான் வரும். அன்று நான் கேட்ட அந்தக் கார்டு அதில் இல்லை. கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்கப் போவதில்லை என்பது உண்மை. ஆனாலும் எழுதியவர் வைத்த சுரத்தை அப்படியே மேலூர்க் கிராமத்துத் திடலில் ஒலிக்க வைப்பதற்காக ஒரு மனிதர் ஒரு பகல் முழுக்க ரீவைண்ட் பட்டனை அழுத்துகிறார். அந்தப் பாட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் பார்த்ததில்லை. அதற்கு ஒரு நாற்காலியும் சம்பளமும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கார்டுகளை அவர் எழுதி வைப்பது ஒரு லாங் சைஸ் நோட்டில். முன்பக்கம் நூல் வரவும் கூலிக் கணக்கும். திருப்பிப் பிடித்தால் பாட்டுகள். மேலே கட்டை, கீழே கார்டு, பேஸ் மாறுகிற இடங்களில் சிவப்பு மையில் வட்டம். இளைஞர் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, அன்று எடுத்த பாட்டை மட்டும் அனுமதித்தார். மற்றதை இளைஞரே கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். பிறகு ஒத்துப் பார்க்கலாம்.

நோட்டைப் புரட்டும்போது ஒரு பாட்டில் வட்டத்துக்குள் 'ம' மட்டும் இருந்தது. மேலே கார்டு எழுதவில்லை. அந்த இடத்தில் கேசட் தேய்ந்துவிட்டதாம். ஊகித்து எழுத அவருக்கு மனமில்லை. படத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "எல்.பி. ரெக்கார்டு வச்சிருக்கவங்க யாராச்சும் தெரிஞ்சா கேளுங்க தம்பி. அந்த ஒரு எடம் ஓடுனாப் போதும், முழுப்பாட்டு வேணாம்." மதுரையிலும் காரைக்குடியிலும் ரெக்கார்டு சேகரிக்கிற நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.