கணினிகூடத்து சுவிட்சும் நாம் தெரிந்திருக்க வேண்டிய சில சொற்களும்



பாடசாலைக்குக் கணினி வேண்டும் என்றால் எமது ஊரவர்கள் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் அந்தக் கணினிகளை இணைக்கும் பெட்டியைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. எது மலிவோ அது வந்து சேர்கிறது. கோளாறு வந்தால், திருத்த வருபவர் சொல்வதற்கு எல்லோரும் தலையாட்டுகிறோம். அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தப் பெட்டிதான் சுவிட்ச். பிள்ளைகளின் பாடநூலில் ஆளி என்று இருக்கும். வயர் குத்தும் ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். ஒவ்வொரு கணினியின் நெட்வேர்க் கார்டுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த 12 இலக்க மெக் முகவரி உண்டு. எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சுவிட்ச் தானாகவே பட்டியல் வைத்துக்கொள்ளும். பழைய ஹப் எல்லா வீட்டுக் கதவையும் தட்டும். சுவிட்ச், வீடு தெரிந்த தபால்காரர் மாதிரி.

சில தகவல்கள் எல்லோருக்கும் போக வேண்டும். புதிதாக இயக்கிய கணினி தனக்கு ஒரு ஐபி முகவரி கேட்பது அப்படித்தான். இது ப்ரோட்காஸ்ட், பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தல் போல.

சிக்கல் இங்கேதான் வருகிறது. ஒரே வயரின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் குத்திவிட்டால் அது லூப். அறிவித்தல் சுற்றிச் சுற்றிப் பெருகும், தானாக நிற்காது. சற்று நேரத்தில் முழு வலையமைப்பும் படுத்துவிடும். இதற்கு ப்ரோட்காஸ்ட் புயல் என்று பெயர். சென்ற தவணையில் எமது கூடம் இப்படித்தான் இரண்டு நாள் மூடிக் கிடந்தது. திருத்தியது ஒரு வயரைக் கழற்றி மட்டுமே. வீட்டில் கணினி இல்லாத 11ஆம் தரப் பிள்ளைகளுக்கோ அந்த இரண்டு நாள் செய்முறை திரும்பக் கிடைக்கவில்லை.

இதைத் தடுக்கும் வழி புதிதல்ல. 1985இல் ராடியா பேர்ள்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார். லூப் இருப்பதைக் கண்டறிந்து ஒரு பாதையை அது மூடி வைக்கும். நாமே அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்ட் சுவிட்சுகளில் பொதுவாக இது உண்டு. மலிவான அன்மேனேஜ்ட் சுவிட்சுகளில் பெரும்பாலும் இல்லை.

இன்னும் இரண்டு சொற்கள். ஒரே சுவிட்சைப் பல தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிப்பது விலேன். காரியாலயக் கணினிகளை ஒன்றிலும் பிள்ளைகளின் கணினிகளை இன்னொன்றிலும் வைத்தால், புள்ளிப் பதிவுகள் இருக்கும் பக்கம் கூடத்திலிருந்து நேரடியாகப் போக முடியாது. அவசரமான தகவலுக்கு முன்னுரிமை கொடுப்பது கியூஓஎஸ். அம்புலன்ஸுக்கு வழி விடுவது போல, சூம் வகுப்புக்கு வழி விட்டு பெரிய டவுன்லோடைக் காக்க வைக்கலாம். ஆனால் வீதி அகலமாகாது. இணைப்பின் வேகம் இருந்ததுதான் இருக்கும்.

ஆகவே அடுத்த முறை அன்பளிப்புச் செய்ய நினைப்பவர்கள் கடையில் இவற்றைக் கேளுங்கள்: இது மேனேஜ்ட் சுவிட்சா? லூப் தடுப்பு உண்டா? போர்ட்டின் வேகம் 100 மெகாபிட்டா, 1 கிகாபிட்டா? பூட்டிய பின் கடவுச்சொல்லை மாற்றி அதிபரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அது திருத்த வருபவரின் போனில் மட்டும் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் இலக்கம் ஒட்டும் வேலையை ஐசிடி பிள்ளைகளோடு இந்த வாரம் தொடங்குகிறோம். ஒட்டும் டேப்பும் மார்க்கர் பேனையும்தான் தேவை. தர விரும்புபவர்கள் பாடசாலையில் ஒப்படைக்கலாம்.